செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கடிகாரம் ரீசெட் ஆகிறது: பேட்டரி போகப் போகிறதா?

ஒற்றையடிப்பாதை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என்னுடையது 150 சிசி எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) வண்டி, கிக்கர் கிடையாது. பேட்டரி வண்டியோடு வந்ததுதான், மூன்று வருடம் தாண்டிவிட்டது. இதுவரை நடுவழியில் காலை வாரியதில்லை. ஆனால் கொஞ்ச நாளாகக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு தயக்கம். பட்டனை அழுத்தினால் "ர்ர்... ர்ர்" என்று இழுத்து, அப்புறம்தான் பிடிக்கிறது. அந்த நேரத்தில் மீட்டர் கன்சோல் ஒரு கணம் அணைந்து எரிகிறது, கடிகாரம் 1:00 என்று ஆரம்பத்துக்குப் போய்விடுகிறது. மதியமும் சாயங்காலமும் ஒரு குறையும் இல்லை.

நேற்று வண்டியை நிறுத்திய கையோடு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், 12.9 காட்டியது. 12க்கு மேல் இருந்தால் பேட்டரி நல்லது என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் கோளாறு மீட்டரிலா?

பழைய ஸ்பேனர்

மீட்டரில் கை வைக்காதீர்கள் தம்பி. அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது.

வண்டியில் மற்ற எல்லாம் சேர்ந்து இழுக்கும் கரண்டைவிட செல்ஃப் மோட்டார் ஒன்றே பல மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடியில் பேட்டரியின் வோல்டேஜ் சரியும். கன்சோலுக்குள் இருக்கும் சிப்புக்கு ஒரு குறைந்தபட்ச வோல்டேஜ் வேண்டும். அதற்குக் கீழே போனால் அது அணைந்து, திரும்ப ஆரம்பத்திலிருந்து தொடங்கும். கடிகாரமும் டிரிப் மீட்டரும் ரீசெட் ஆவது அதனால்தான். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடுகிறதே என்று பலரும் இதைக் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், புது வண்டிகளில் பேட்டரி கொடுக்கும் முதல் தகவல் இதுதான். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயின் சத்தமெல்லாம் இதற்கு அப்புறம்தான் வரும்.

இப்போது அந்த 12.9க்கு வருவோம். ஓட்டி நிறுத்திய உடனே எடுத்த ரீடிங்கை நம்பக் கூடாது. சார்ஜ் ஏறி முடிந்ததும் பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தட்டுகளின் மேற்பரப்பில் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதல் வோல்டேஜ் நிற்கும். நாலைந்து மணி நேரம் கழித்தோ, மறுநாள் காலை சாவி போடுவதற்கு முன்போ பாருங்கள். அவசரமாகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், எஞ்சினை ஓடவிடாமல் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

காலையில் 12.6 முதல் 12.8 வரை இருந்தால் முழு சார்ஜ். தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, சீல் செய்த ஏஜிஎம் வகைப் பேட்டரியில் இன்னும் சற்று கூடுதலாகவும் காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12.0 காட்டினால் கால்வாசிதான் மிச்சம். "12க்கு மேல் இருந்தால் போதும்" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை, அதை நம்பி நடுரோட்டில் நின்றவர்கள் நிறைய.

வேகத்தடை

இவ்வளவு அளவெல்லாம் எதற்கு? ராத்திரி ஹெட்லைட்டைப் பாருங்கள். ஐட்லிங்கில் மங்கலாகி, ஆக்சிலேட்டர் முறுக்கினால் பளிச்சென்று ஆனால் பேட்டரி போச்சு. முடிந்தது கதை.

சுருள்கம்பி

அப்படி முடிக்க முடியாது. எந்த வண்டி என்பதைப் பொறுத்தது.

பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. மேக்னெட் காயிலிலிருந்து ஏசி கரண்ட் நேராக பல்புக்குப் போகும். ஐட்லிங்கில் மங்குவதும் முறுக்கினால் ஏறுவதும் அந்த வண்டிக்கு இயல்பு, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டாலும் அப்படித்தான் எரியும். இதைப் பேட்டரிக் கோளாறு என்று நினைத்து நல்ல பேட்டரியை மாற்றியவர்கள் உண்டு.

சோதித்துப் பார்ப்பது சுலபம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவி மட்டும் போட்டு ஹெட்லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் பேட்டரியிலிருந்து வருகிறது, அப்போது மங்கலுக்கு அர்த்தம் உண்டு. எரியாவிட்டால், ஸ்டார்ட் ஆன பிறகுதான் விளக்கு எரியும்படி சுவிட்சோ ரிலேயோ வைத்த வண்டியா என்பதையும் பார்த்துவிட்டு ஏசி என்று முடிவு செய்யுங்கள். எல்ஈடி ஹெட்லைட்டில் இந்தப் பரிசோதனை பெரிதாக உதவாது. உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் வோல்டேஜ் குறைந்தாலும் வெளிச்சத்தைச் சமாளித்துக்கொண்டே இருக்கும், கடைசி வரை காட்டிக்கொடுக்காது.

ஹெட்லைட்டை விட ஹார்னை நம்புவேன். எஞ்சினை அணைத்துவிட்டு, சாவி மட்டும் போட்டு, ஹார்னையும் பிரேக் லைட்டையும் சேர்த்து அழுத்துங்கள். குரல் உடனே கம்மினால், அல்லது முதலில் சரியாக ஒலித்துப் போகப் போகக் கரகரத்தால், பேட்டரிக்குப் பின்பலம் இல்லை என்று பொருள். எஞ்சின் ஓடும்போது ஹார்ன் அடித்துப் பார்ப்பதில் பயனில்லை, அப்போது சார்ஜிங்கும் கூட நின்று உதவும்.

நீலக்குடை

என் ஸ்கூட்டரில் சிக்னலில் நின்றால் தானாக எஞ்சின் அணைந்து, முறுக்கினால் ஸ்டார்ட் ஆகும் வசதி உண்டு. கொஞ்ச நாளாக அது வேலையே செய்யவில்லை, வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. செல்ஃப் நன்றாகத்தான் எடுக்கிறது. இதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் உண்டா அண்ணா?

பழைய ஸ்பேனர்

நன்றாகவே உண்டு அம்மா. அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் செய்யத் தெம்பு இருக்குமா என்று பேட்டரியின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் அந்த அமைப்பு எஞ்சினை அணைக்கும். சந்தேகம் வந்தால் அணைக்காமல் விட்டுவிடும். எஞ்சின் சூடாகவில்லை என்றாலும் அணைக்காது, அதனால் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் முதலில் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்து பார்ப்பது நல்லது. சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைத் திரும்ப ஏற்றுவதற்குள் இடம் வந்துவிடுகிறது. பேட்டரி நல்லதாகவே இருக்கும், பாதி வயிற்றோடு கிடக்கும். அப்படியே மாதக்கணக்கில் கிடந்தால் தட்டுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிப்போகும், அப்புறம் சார்ஜ் போட்டாலும் பழைய நிலைக்கு வராது.

ஒற்றையடிப்பாதை

காலையில் சாவி போடும் முன் பார்த்தேன், 12.5. முழுதாக இல்லையென்றாலும் இது அவ்வளவு மோசமில்லையே?

சுருள்கம்பி

சும்மா நிற்கும் பேட்டரியின் வோல்டேஜ், எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்தச் சார்ஜை ஒரே மூச்சில் வெளியே தள்ள முடியுமா என்று சொல்லாது. டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் குழாயில் அடைப்பு இருந்தால் வண்டி எப்படித் திணறுமோ, அப்படித்தான் இதுவும். வயதான பேட்டரியில் உள் மின்தடை கூடிவிடும். 12.6 காட்டிக்கொண்டே செல்ஃப் அடித்த மாத்திரத்தில் 8க்கு விழும்.

ஆகவே மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் டெர்மினலில் வைத்தபடி செல்ஃப் அடியுங்கள். வயரில் அல்ல, பேட்டரியின் உலோக முனையிலேயே முள் படவேண்டும். 9.6க்கு மேல் நின்றால் கவலையில்லை, 10க்கு மேல் என்றால் நல்ல ஆரோக்கியம். 9.6க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம், 9க்கும் கீழே என்றால் நாட்கள் எண்ணப்படுகின்றன. முழு சார்ஜ் இருக்கும்போது பார்த்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். பாதி சார்ஜில் நல்ல பேட்டரிகூடக் கீழே போகும்.

சாதாரண மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும், கண்ணால் பிடிப்பது கஷ்டம். செல்போனில் மீட்டர் திரையை வீடியோ எடுத்துக்கொண்டே அடியுங்கள், பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் மிகக் குறைந்த எண் கிடைக்கும். உண்மையில் அதைவிடவும் கொஞ்சம் கீழே போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தடை

எங்கள் காலத்து முறை ஒன்று உண்டு. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்று. எஞ்சின் நிற்காமல் ஓடினால் சார்ஜிங் நல்லது, கோளாறு பேட்டரியில். மீட்டரும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம்.

சுருள்கம்பி

தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். பேட்டரி இருக்கும்வரைதான் சார்ஜிங் வோல்டேஜ் ஒரு கட்டுக்குள் நிற்கும். ஓடும்போது கழற்றினால் வோல்டேஜ் திடீரென்று எகிறும். ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினி), கன்சோல், எல்ஈடி விளக்கு, சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், எதுவேண்டுமானாலும் அந்த நொடியில் போகலாம். எலக்ட்ரானிக்ஸ் இல்லாத வண்டியில் பிழைத்துக்கொண்ட பழக்கம் அது.

மட்டுறுத்துநர்

ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றும் யோசனையை எச்சரிக்கையோடு படிக்கவும். நீக்கவில்லை, பதிலும் அதன் கீழேயே இருப்பதால்.

ஒற்றையடிப்பாதை

வீடியோ எடுத்தேன். காலை முதல் ஸ்டார்ட்டில் 8.8. சாயங்காலம் எஞ்சின் சூட்டில் 9.7. காலையில் இன்னொரு மாற்றமும் தெரிந்தது: சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் "ஊம்ம்" என்று ஓடும் சத்தம் வழக்கத்தைவிடத் தாழ்ந்து, சோம்பலாக வருகிறது.

பழைய ஸ்பேனர்

பேட்டரிக்குத் தீர்ப்பு எழுதும் முன் டெர்மினலைப் பாருங்கள். பைக் பேட்டரி டெர்மினலில் இருப்பது சின்ன ஸ்க்ரூவும் நட்டும்தான், எஞ்சின் அதிர்வில் தளரும். கையால் ஆட்டினால் வயர் வளையம் அசையவே கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், வெந்நீரில் சமையல் சோடா கரைத்து பழைய பிரஷ்ஷால் தேய்த்துத் துடையுங்கள், காய்ந்த பிறகு இறுக்கி மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால், ஸ்பேனர் பாசிட்டிவிலும் சேஸிஸிலும் ஒரே நேரத்தில் பட்டுப் பொறி பறக்கும்.

எர்த் வயர் எஞ்சினிலோ சேஸிஸிலோ போல்ட் செய்யப்பட்டிருக்கும் மறுமுனையையும் பாருங்கள். அதை யாரும் பார்ப்பதில்லை.

சத்தத்தையும் கவனியுங்கள். "டிக் டிக் டிக் டிக்" என்று வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் வோல்டேஜ் குறைவு. ரிலே ஒட்டும், மோட்டார் இழுக்கும், வோல்டேஜ் விழும், ரிலே விடும், திரும்ப ஒட்டும். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு அப்புறம் அமைதி, ஆனால் விளக்கும் ஹார்னும் கொஞ்சமும் வாடவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். ரிலேயின் உள் முனை கருகியிருக்கலாம், செல்ஃப் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். எந்தச் சத்தமும் இல்லாமல் விளக்குகள் மட்டும் பளிச்சென்று இருந்தால் சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், செல்ஃப் பட்டன் பக்கம் போங்கள்.

பனிமூட்டம்

நான் இருப்பது குளிர்நாடு, வருடத்தில் பாதி நாள் வண்டி மூடித்தான் கிடக்கும். ஒன்று சேர்க்கிறேன். காலையில் மட்டும் திணறுவது குளிராலும் நடக்கும். குளிரில் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். மோட்டாருக்கு வேலை கூடுதல், கிடைக்கும் சக்தி குறைவு. ஆனால் பேட்டரியைப் பெரும்பாலும் கெடுப்பது வெயில்காலம்தான், குளிர் அதை அம்பலப்படுத்துகிறது, அவ்வளவே.

பனிக்கு சார்ஜ் இறங்கிய பேட்டரியை விடாதீர்கள். உள்ளே இருக்கும் அமிலம் சார்ஜ் இறங்க இறங்கத் தண்ணீர்போல் நீர்த்துப்போகும், பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து டப்பாவைப் பிளந்துவிடும். முழு சார்ஜில் இருந்தால் அந்தப் பயம் அநேகமாக இல்லை.

தூரதேசம்

என் வண்டியில் ஜிபிஎஸ் டிராக்கர் போட்டதிலிருந்து ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. பேட்டரி போன வருடம்தான் மாற்றினேன். அதற்குள் போய்விடுமா?

சுருள்கம்பி

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிராக்கர் 20 மில்லிஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். 5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியை அது 250 மணி நேரத்தில், அதாவது பத்து நாளில், முழுக்கக் காலி செய்துவிடும். செல்ஃப் எடுக்காமல் போவதற்கு முழுக்கக் காலியாக வேண்டியதில்லை, பாதி போனாலே திணறும். பேட்டரியின் மேல் குற்றமில்லை. ஆனால் இப்படித் திரும்பத் திரும்பக் காலியானால் நல்ல பேட்டரியும் கெட்டுவிடும்.

அளப்பதற்கு: சாவியை அணைத்து நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையை வயரிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். கூடுதலாக எதுவும் மாட்டாத வண்டியில் சில மில்லிஆம்பியருக்கு மேல் இருக்கக் கூடாது. பத்துக் கணக்கில் போனால் ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பாருங்கள், எதைக் கழற்றும்போது குறைகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது சாவி போடாதீர்கள், செல்ஃப் பட்டனைத் தொடவே தொடாதீர்கள். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஒற்றையடிப்பாதை

நெகட்டிவ் ஸ்க்ரூ உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்தது, ஸ்பேனர் வைத்ததும் அரைச் சுற்று ஏறியது. இறுக்கிய பிறகு காலை ரீடிங் 8.8லிருந்து 9.1 ஆனது. கடிகாரம் இன்னும் ரீசெட் ஆகிறது. அப்புறம் நண்பரிடம் சார்ஜர் வாங்கி ராத்திரி முழுக்கப் போட்டேன். காலையில் சார்ஜரைக் கழற்றி மதியம் வரை விட்டுப் பார்த்தால் 12.7. செல்ஃப் அடித்தால் 9.2. வண்டியை எடுக்காமல் விட்டு வைத்துப் பார்த்ததில் 12.4க்கு வந்துவிட்டது. கசிவும் அளந்தேன், 1 மில்லிஆம்பியர்தான். எஞ்சினை 4000 ஆர்பிஎம்மில் வைத்தால் பேட்டரியில் 14.3.

பழைய ஸ்பேனர்

அருமை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்துவிட்டீர்கள். 4000, 5000 ஆர்பிஎம்மில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் காயிலும் ரெகுலேட்டரும் நலம். கசிவு இல்லை, டெர்மினல் சரி. முழு சார்ஜிலும் 9.2, அதற்குமேல் சார்ஜும் தங்கவில்லை. பேட்டரிதான். மாற்றிவிடுங்கள்.

வேகத்தடை

ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகிறதே! சார்ஜ் போட்டு இன்னும் சில மாதம் தள்ளலாம். நான் என் வண்டியை அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பழைய ஸ்பேனர்

உங்களிடம் கிக்கர் இருக்கிறது, அதுவும் பேட்டரியே இல்லாமல் ஸ்பார்க் வரும் வண்டி. நீங்கள் தாராளமாகத் தள்ளலாம். எஃப்ஐ வண்டியில் பம்ப் ஓட, இன்ஜெக்டர் திறக்க, ஈசியு விழிக்க எல்லாவற்றுக்கும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் வேண்டும். சற்றே இறங்கிய பேட்டரி என்றால் இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். அறவே செத்த பேட்டரியோடு எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம். இவர் வண்டியில் கிக்கரும் இல்லை.

நீலக்குடை

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவின் வண்டியில் அதுதான் இருக்கிறது.

சுருள்கம்பி

அதில் வெளியிலிருந்தே நிறையத் தெரியும். டப்பாவின் பக்கத்தில் மேல்கோடு, கீழ்கோடு இரண்டு இருக்கும், ஆறு அறைகளிலும் மட்டம் அவற்றின் நடுவில் நிற்க வேண்டும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் வற்றினால் அந்த அறை நோயாளி. ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும், ஆசிட் வேண்டாம். அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கிடைத்தால் முழு சார்ஜில் ஒவ்வொரு அறையும் 1.265 முதல் 1.280 வரை காட்டும். அறைக்கு அறை 0.050க்கு மேல் வித்தியாசம் என்றால் மாற்றும் நேரம்.

ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஓர் அறை செத்துவிட்டது. இது எல்லா ஈய-அமில பேட்டரிக்கும் பொருந்தும்.

கரிசல்மண்

கொஞ்சம் அவசரம். இழையைப் படித்துவிட்டு என் பேட்டரியைப் பார்க்கப் போனேன். டப்பாவின் பக்கச் சுவர் வெளியே புடைத்திருக்கிறது, உறைக்குள்ளிருந்து வெளியே எடுப்பதே சிரமமாக இருந்தது. லேசாக அழுகிய முட்டை வாடை. செல்ஃப் நன்றாக எடுக்கிறது, வோல்டேஜ் 12.8. பழைய பேட்டரியும் இப்படித்தான் சீக்கிரம் போனது. புதிது வாங்கிப் போட்டுவிடட்டுமா?

பழைய ஸ்பேனர்

பொறுங்கள். வாங்கிப் போட்டால் அதுவும் இதே கதிக்கு வரும். எஞ்சினைச் சில நொடிகள் மட்டும் 4000க்குக் கொண்டுபோய் டெர்மினலில் அளந்து சொல்லுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். அந்தப் பேட்டரிக்கு சார்ஜர் போடும் எண்ணமே வேண்டாம்.

கரிசல்மண்

15.6. இன்னும் முறுக்கினால் இன்னும் ஏறுகிறது.

சுருள்கம்பி

ரெகுலேட்டர். 15ஐத் தாண்டினாலே பேட்டரி உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வண்டியை ஓட்டாதீர்கள், ஹெட்லைட்டும் ஈசியுவும்கூட இதில் மாட்டும். ரெகுலேட்டர் மாற்றும் முன் அதன் கனெக்டரையும் எர்த்தையும் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தால் கனெக்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கரிசல்மண்

கனெக்டரில் ஒரு பின் கருகித்தான் இருந்தது. ரெகுலேட்டர், கனெக்டர், பேட்டரி மூன்றும் மாற்றியாயிற்று. இப்போது 4000ல் 14.2, முறுக்கினாலும் அங்கேயே நிற்கிறது.

ஒற்றையடிப்பாதை

நானும் மாற்றிவிட்டேன். செல்ஃப் அடித்தால் 10.6, கடிகாரம் அசையவில்லை. புது பேட்டரியை மாட்டியதும் ஓட்டலாமா, சார்ஜ் போட வேண்டுமா?

பழைய ஸ்பேனர்

முதலில் வோல்டேஜ் பாருங்கள். 12.6க்குக் கீழே இருந்தால் கடையில் நாளாகக் கிடந்த சரக்கு, ஒருமுறை முழுக்க சார்ஜ் போட்டுவிட்டு ஓட்டுங்கள். ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும், 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் அரை ஆம்பியர். கார் சார்ஜரைப் போட்டு அவசரப்படுத்த வேண்டாம். லித்தியம் வாங்கியிருந்தால் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது, அதற்குத் தனி இழை போடுங்கள்.

ஒற்றையடிப்பாதை

ஈய-அமில ஏஜிஎம்தான் அண்ணா. 12.5 காட்டுகிறது, இன்று ராத்திரி சார்ஜரில் போட்டுவிடுகிறேன்.